லுக்ரீசியாவின் கடிதங்கள்: ஒரே தாளில் அடுக்களையும் மாநாடும்

அமெரிக்கப் பெண்கள் ஓட்டுரிமை கேட்ட கதையை எங்கே படித்தாலும், 1848 ஜூலையில் செனிகா ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் நடந்த கூட்டத்தில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். பெண்களின் உரிமையைப் பற்றிப் பேசுவதற்கென்றே அந்த நாட்டில் கூட்டப்பட்ட முதல் மாநாடு அது. இரண்டு நாள் நடந்தது. சுமார் 300 பேர் வந்தார்கள். 68 பெண்களும் 32 ஆண்களும் ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

நியூயார்க், பாஸ்டன், பிலடெல்ஃபியா என்று பெரிய பெரிய நகரங்கள் இருக்கும்போது இந்த மாநாடு ஏன் அந்தச் சின்ன ஊரில் நடந்தது? மாநாட்டை முன்னின்று நடத்திய எலிசபெத் கேடி ஸ்டாண்டன் அந்த ஊரில் குடியிருந்தார் என்பது பாதி பதில். மீதி பதில் ரொம்ப சாதாரணமானது. பிலடெல்ஃபியாவில் இருந்து ஓர் அக்கா, ஏழாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த தங்கையைப் பார்க்க அந்தப் பக்கம் வந்திருந்தார். அவ்வளவுதான்!

அந்த அக்காவின் பெயர் லுக்ரீசியா காஃபின் மாட். தங்கை மார்த்தா காஃபின் ரைட். ஜூலை 9 அன்று வாட்டர்லூ என்ற பக்கத்து ஊரில் ஜேன் ஹண்ட் என்பவர் வீட்டில் தேநீருக்கு ஐந்து பெண்கள் கூடினார்கள். அதில் இந்த அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அங்கே பேசிய பேச்சில் பிறந்ததுதான் மாநாடு. பத்து நாளில் ஏற்பாடும் முடிந்துவிட்டது.

சரித்திரப் புத்தகங்களில் இந்தத் தேநீர் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அக்காவும் தங்கையும் பல வருடங்களாக ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று புரியும்.

யார் இந்த லுக்ரீசியா?

1793 ஜனவரி 3 அன்று மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் இருக்கும் நாண்டக்கெட் தீவில் பிறந்தவர். திமிங்கல வேட்டைக்குப் பேர்போன தீவு அது. ஆண்கள் கடலுக்குப் போனால் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். வீடு, கடை, வரவு செலவு எல்லாம் பெண்கள் கையில். லுக்ரீசியாவின் அப்பா தாமஸ் காஃபின் ஒரு கப்பல் கேப்டன். அம்மா ஆனா கடை நடத்தினார். சரக்கு வாங்க பாஸ்டன் வரைக்கும் தானே போய் வருவார். பெண்களால் கணக்கு வழக்கு பார்க்க முடியுமா என்ற கேள்வியே அந்த வீட்டில் எழவில்லை.

குடும்பம் குவேக்கர் குடும்பம். குவேக்கர்கள் கிறிஸ்தவர்களில் ஒரு சிறு பிரிவு. அந்தக் காலத்தில் இவர்கள் கூட்டங்களில் சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்குள் பேச்சு எழுகிறதோ அவர் எழுந்து பேசலாம். அவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தமிழில் நீ, நீங்கள் என்று இருப்பதைப் போலவே பழைய ஆங்கிலத்திலும் இரண்டு விதம் இருந்தது. பெரிய மனிதர்களுக்கு மரியாதைச் சொல், மற்றவர்களுக்குச் சாதாரணச் சொல். குவேக்கர்கள் எல்லோரையும் சாதாரணச் சொல்லால்தான் அழைத்தார்கள். நீதிபதியும் நீதான், வேலைக்காரனும் நீதான். கடவுள் முன்னால் எல்லோரும் சமம் என்றால் பேச்சில் மட்டும் எதற்கு ஏற்ற இறக்கம் என்பது அவர்கள் வாதம். லுக்ரீசியா காலத்தில் ஊரெல்லாம் அந்தப் பழைய சொல்லை விட்டுவிட்டது. ஆனால் அவருடைய கடிதங்களில் அது கடைசி வரை வருகிறது. மாதங்களுக்கும் கிழமைகளுக்கும் பழைய தேவதைகளின் பெயர் இருப்பதால் அதையும் எழுத மாட்டார்கள். ஜனவரி என்பது "முதல் மாதம்", ஞாயிறு என்பது "முதல் நாள்". கடிதத்தின் தேதியைப் பார்த்தே எழுதியவர் குவேக்கர் என்று சொல்லிவிடலாம்.

13 வயதில் நியூயார்க் மாநிலத்தில் 'நைன் பார்ட்னர்ஸ்' என்ற குவேக்கர் உறைவிடப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு அங்கேயே டீச்சரும் ஆனார். அங்கேதான் முதல் அடி விழுந்தது. பெண் பிள்ளைகளிடம் வாங்கும் ஃபீஸ் பையன்களுக்குச் சமம். ஆனால் அதே பெண் படித்து டீச்சராக வந்தால் சம்பளம் ஆணுக்குக் கொடுப்பதில் பாதி! சமத்துவம் பேசும் சமூகத்தின் பள்ளியிலேயே இப்படி. அந்தக் கணக்கை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

அதே பள்ளியில் வேலை பார்த்த ஜேம்ஸ் மாட் என்பவரை 1811-ல் பிலடெல்ஃபியாவில் கல்யாணம் செய்துகொண்டார். ஆறு பிள்ளைகள். அதில் தாமஸ் என்ற மகன் 1817-ல் இரண்டு வயதில் இறந்துபோனான். அதற்கு அடுத்த வருடம்தான் லுக்ரீசியா குவேக்கர் கூட்டத்தில் எழுந்து பேச ஆரம்பித்தார். 1821-ல் அவரைப் போதகராக ஏற்றுக்கொண்டார்கள்.

கடிதம் என்றால் காசு

இப்போது கடிதங்களுக்கு வருவோம். அவற்றைப் புரிந்துகொள்ள அந்தக் காலத் தபால் கட்டணம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

1845-க்கு முன்னால் அமெரிக்காவில் கடிதத்துக்குக் கட்டணம் எடையை வைத்து இல்லை. எவ்வளவு தூரம், எத்தனை தாள் என்று பார்த்துத்தான் வாங்கினார்கள். 30 மைலுக்குள் ஒரு தாளுக்கு 6 சென்ட். 150 மைலில் இருந்து 400 மைல் வரைக்கும் 18¾ சென்ட். அதற்கு மேல் 25 சென்ட். இரண்டு தாள் வைத்தால் இரட்டைக் கட்டணம். உறை போட்டால் உறையும் ஒரு தாள்தான்! ஒரு கூலியாளின் தினக்கூலி ஒரு டாலரைத் தாண்டாத காலம் அது. பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டியவர் கடிதத்தை வாங்குபவர். ஆக, உருப்படியாக ஒன்றும் எழுதாமல் கடிதம் போட்டால் வாங்குபவர் திட்டுவார்.

அதனால் எல்லோரும் ஒரே பெரிய தாளில் பொடி எழுத்தில் ஓரம் வரைக்கும் நிரப்பி எழுதினார்கள். ஒரே நாளில் எழுதி முடிப்பதும் கிடையாது. திங்கட்கிழமை ஆரம்பித்து, விருந்தாளி வந்தால் நிறுத்தி, புதன்கிழமை தொடர்ந்து, யாராவது அந்த ஊருக்குப் போகிறார்கள் என்றால் அவர் கையிலேயே கொடுத்து அனுப்புவார்கள். வந்த கடிதத்தை ஒருவர் மட்டும் படிப்பதும் இல்லை. அக்கா, தங்கை, மகள், நாண்டக்கெட் சொந்தங்கள் என்று கை மாறிப் போய்க்கொண்டே இருக்கும். பேருக்குத்தான் அது ஒருவருக்கு எழுதிய கடிதம்.

1845-ல் சட்டம் மாறியது. 300 மைலுக்குள் அரை அவுன்ஸ் எடைக்கு 5 சென்ட். 1851-ல் முன்பணம் கட்டினால் 3 சென்ட். கடிதம் மலிவானது. அடிமை ஒழிப்பு, பெண்ணுரிமை போன்ற இயக்கங்கள் வளர்ந்ததும் இதே காலம்தான். மாநாடு கூட்டுவது, பேச ஆள் பிடிப்பது, கையெழுத்து வாங்குவது எல்லாமே தபாலில்தான் நடக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

இந்தக் கடிதங்களுக்கு இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. குவேக்கர் போதகர்கள் பேச்சை முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ள மாட்டார்கள். லுக்ரீசியாவும் அப்படித்தான். அவருடைய உரைகளில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் யாராவது சுருக்கெழுத்தில் பிடித்து வைத்தவை. புத்தகம் எழுதும் பழக்கமும் அவருக்கு இல்லை. அவர் கையால் எழுதி மிஞ்சியது என்று பார்த்தால் முக்கியமாக இந்தக் கடிதங்களும், 1840 லண்டன் பயணத்தில் எழுதிய ஒரு டைரியும்தான்.

பஞ்சு மண்டியை மூடிய கணவர்

லுக்ரீசியாவின் அப்பா 1815-ல் கடன் வைத்துவிட்டு இறந்தார். அம்மா மறுபடியும் கடை திறந்தார். ஜேம்ஸின் தொழிலும் பல வருடம் தள்ளாடியது. 1817-ல் லுக்ரீசியா ஒரு உறவுக்காரப் பெண்ணுடன் சேர்ந்து பள்ளிக்கூடம் நடத்தித்தான் குடும்பத்துக்கு உதவினார். இப்படி ஆடி ஆடி, 1820-களில் ஜேம்ஸுக்கு ஒரு வழி கிடைத்தது. அது கமிஷனுக்குப் பஞ்சு விற்கும் மண்டி. நல்ல லாபம்.

ஆனால் அந்தப் பஞ்சை யார் பறித்தார்கள்? தென் மாநிலத்து அடிமைகள்.

எலியாஸ் ஹிக்ஸ் என்ற குவேக்கர் போதகர், அடிமை உழைப்பில் வந்த பொருளை வாங்குவதே பாவம் என்று பேசிக்கொண்டிருந்தார். திருடிய பொருள் என்று தெரிந்தே வாங்குவது போலத்தான் இதுவும் என்பது அவர் வாதம். லுக்ரீசியா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வீட்டில் அடிமை உழைப்பில் வந்த சர்க்கரை கிடையாது, பருத்தித் துணி கிடையாது. மாற்றாகக் கிடைத்த சர்க்கரை சுமாரான ரகம், துணியும் அழகாக இருக்காது, விலையோ அதிகம். பிள்ளைகள் அதைத்தான் சாப்பிட வேண்டும், அதைத்தான் உடுத்த வேண்டும்.

மனைவி சர்க்கரையை நிறுத்திவிட்டார். கணவரோ பஞ்சு விற்றுச் சம்பாதிக்கிறார். இந்த முரண்பாடு எத்தனை நாள் ஓடும்? 1830 வாக்கில் ஜேம்ஸ் பஞ்சு வியாபாரத்தை விட்டுவிட்டு கம்பளி வியாபாரத்துக்கு மாறினார். எழுதுவதற்கு ஒரு வரிதான். ஆனால் ஐந்து பிள்ளைகள், கடன் பட்ட குடும்பத்தின் நினைவு, கையில் ஓடிக்கொண்டிருக்கும் லாபத் தொழில் எல்லாவற்றையும் வைத்துப் பாருங்கள். மேடையில் அடிமை முறையைக் கண்டிக்க ஒரு மணி நேரம் போதும். அதன் செலவை வீட்டுக் கணக்கில் எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கலவரக் கும்பல் கிளம்பியபோது

1833 டிசம்பரில் பிலடெல்ஃபியா பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கம் தொடங்கியது. லுக்ரீசியா அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். கறுப்பினப் பெண்களும் வெள்ளைப் பெண்களும் சேர்ந்திருந்த சங்கம் அது. ஊருக்குள் இதுவே பெரிய குற்றம்.

1838 மே மாதம் அடிமை ஒழிப்புக்காரர்கள் சுமார் 40,000 டாலர் செலவில் பென்சில்வேனியா ஹால் என்ற மண்டபத்தைக் கட்டித் திறந்தார்கள். திறந்த மூன்றாம் நாள், மே 17 இரவு, கலவரக் கும்பல் அதற்குத் தீ வைத்தது. அடுத்து மாட் குடும்பத்தின் வீட்டுக்குப் போகலாம் என்று கும்பல் கிளம்பியது. லுக்ரீசியாவும் ஜேம்ஸும் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கூட்டத்துக்குள் புகுந்த நண்பர் ஒருவர், தானும் கலவரக்காரன் போலவே கத்தி, கும்பலை வேறு தெருவுக்குத் திருப்பிவிட்டார். வீடு தப்பியது.

அந்த நேரம் ஐரோப்பாவில் இருந்த மருமகன் எட்வர்ட் டேவிஸுக்கு லுக்ரீசியா இதையெல்லாம் எழுதினார். பத்திரிகைகள் எரிந்த மண்டபத்தைப் பற்றி எழுதின. எரியாமல் தப்பிய வீட்டுக்குள் காத்திருந்தவர்களின் நிலைமையைச் சொல்லக் குடும்பக் கடிதம்தான் இருக்கிறது.

தங்கை மார்த்தா

இந்தக் கதையில் மார்த்தாவை விட்டுவிட்டால் பாதி போய்விடும். அக்காவைவிட ஏறக்குறைய 14 வயது இளையவர். 1824-ல் குவேக்கர் அல்லாத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டதால் குவேக்கர் சபை அவரை நீக்கிவிட்டது. அந்தக் கணவர் சீக்கிரமே இறந்துவிட, பிறகு டேவிட் ரைட் என்ற வக்கீலை மணந்துகொண்டு, கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் குடியேறினார். அக்கா பக்திமான். தங்கைக்கு மதத்தில் அவ்வளவு பிடிப்பில்லை. நக்கலாகப் பேசுவதில் கெட்டிக்காரர்.

சபை நீக்கிய தங்கையை, அதே சபையின் போதகரான அக்கா கடைசி வரை விடவில்லை. அம்மா 1844-ல் இறந்தார். சிதறிக் கிடந்த பிள்ளைகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தவர் போன பிறகு, அந்த வேலையைக் கடிதங்கள்தான் செய்தன.

அந்தக் கடிதங்களில் என்ன இருக்கிறது? யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், கிழிந்த துணிகளைச் சேர்த்துத் தைக்கும் கம்பளம், விருந்துக்கு எத்தனை பேர், நாண்டக்கெட் ஊர்க்கதை. அதே மூச்சில் அடுத்த வரியில் அடிமை ஒழிப்புக் கூட்டம், தெற்கில் இருந்து தப்பி வந்த அடிமை ஒருவர், படித்துக்கொண்டிருக்கும் புத்தகம். பத்தி பிரிப்பது கூடக் கிடையாது. தாளில் இடம் இல்லை என்பது ஒரு காரணம். அவருக்கு இவை இரண்டும் வேறு வேறு உலகமாகத் தெரியவில்லை என்பது இன்னொரு காரணம். இரண்டு வீடுகளிலுமே தப்பி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கிடைத்தது. அடைக்கலம் என்றால் சோறு, படுக்கை, மாற்றுத் துணி. எல்லாமே அடுக்களை வேலை.

1840-ல் லண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போன லுக்ரீசியாவை, பெண் என்ற காரணத்தால் பிரதிநிதிகளோடு உட்கார விடவில்லை. தடுப்புக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கச் சொன்னார்கள். அங்கேதான் 24 வயது எலிசபெத் கேடி ஸ்டாண்டனைச் சந்தித்தார். இருவரும் மறுபடி உட்கார்ந்து பேசி ஒரு மாநாட்டைக் கூட்ட எட்டு வருடம் ஆனது. அதற்கும் மார்த்தா வீட்டுக்கு வரும் ஒரு பயணம் தேவைப்பட்டது.

செனிகா ஃபால்ஸ் மாநாட்டுக்கு மூன்று நாள் முன்பு லுக்ரீசியா ஸ்டாண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜேம்ஸுக்கு உடம்பு சரியில்லை, வர முடியுமோ என்னவோ, தங்கை வருவாள், அறுவடை நேரம் என்பதால் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் ஒரு தொடக்கமாக இருக்கும்... இப்படிப் போகிறது அது. சரித்திரம் படைக்கப் போகிறோம் என்ற தோரணையே இல்லை! ஜேம்ஸ் எழுந்து வந்து கூட்டத்துக்குத் தலைமையும் தாங்கினார். மனைவிமார்களுக்கு அறிவுரை சொல்லும் ஆண்களைக் கிண்டல் செய்து மார்த்தா பத்திரிகைக்கு எழுதிய ஒரு கட்டுரையை லுக்ரீசியா கூட்டத்தில் படித்துக் காட்டினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை ஸ்டாண்டன் கொண்டுவந்தபோது, நம்மைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள் என்று முதலில் தயங்கியவர் இதே லுக்ரீசியாதான். பின்னாளில் ஸ்டாண்டனே இதைச் சொல்லியிருக்கிறார்.

போர் வந்தபோது

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. குவேக்கர்களுக்குப் போர் என்பதே பாவம். ஆனால் இந்தப் போர் அடிமை முறையை ஒழிக்கும் போராக மாறிக்கொண்டிருந்தது. 30 வருடம் எதற்காகப் பாடுபட்டாரோ அது, அவர் வெறுக்கும் வழியில் வந்து கதவைத் தட்டியது.

அதுவும் சொந்த வீட்டுக் கதவை! மருமகன் எட்வர்ட் டேவிஸ் ராணுவப் பணியில் சேர்ந்து, அதற்காகச் சபையில் இருந்து நீக்கப்பட்டார். 1863 ஜூலையில் மார்த்தாவின் மகன் வில்லியம் கெட்டிஸ்பர்க் சண்டையில் படுகாயமடைந்தான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். அதே வருடம் கறுப்பின வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் 'கேம்ப் வில்லியம் பென்' முகாம், லுக்ரீசியா வயதான காலத்தில் குடியிருந்த ரோட்சைட் வீட்டுக்குப் பக்கத்திலேயே, டேவிஸின் நிலத்தில் அமைந்தது.

அங்கே போய் லுக்ரீசியா வீரர்களிடம் பேசினார். முகாமைப் பற்றியே எல்லோருக்கும் பேச்சு என்றும், ஒடுக்கப்பட்ட மக்களை உலகம் பார்க்கும் விதம் இவ்வளவு மாறும் என்று நினைக்கவே இல்லை என்றும் தங்கைக்கு எழுதினார். ஆனால் போர் சரி என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. கொள்கையில் விட்டுக்கொடுக்காதவர், காயம்பட்ட பையனின் அம்மாவுக்கு எழுதும்போது எப்படி எழுதுவது? இந்த இழுபறியை எந்த மேடைப் பேச்சிலும் பார்க்க முடியாது.

யார் பத்திரப்படுத்தினார்கள்?

1868 ஜனவரியில் புரூக்ளினில் மகள் வீட்டில் ஜேம்ஸ் இறந்தார். ஏறக்குறைய 57 வருடத் தாம்பத்தியம். 1875 ஜனவரியில் மார்த்தாவும் போய்விட்டார். அக்காவே தங்கையை அனுப்பி வைக்க வேண்டியதாயிற்று. லுக்ரீசியா 1880 நவம்பர் 11 அன்று 87 வயதில் இறந்தார். பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம் வர அதற்குப் பிறகும் 40 வருடம் ஆனது.

1884-ல் பேத்தி ஆனா டேவிஸ் ஹாலோவெல், தாத்தா பாட்டியின் வாழ்க்கையையும் கடிதங்களையும் சேர்த்து ஒரு புத்தகம் போட்டார். மார்த்தா சேர்த்து வைத்த கடிதங்கள் மகள் எல்லனின் குடும்பம் வழியாக ஸ்மித் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. இன்னொரு பெரிய தொகுப்பு, மாட் தம்பதியும் சேர்ந்து உருவாக்கிய ஸ்வார்த்மோர் கல்லூரியில் இருக்கிறது. 2002-ல் பெவர்லி வில்சன் பாமர் தேர்ந்தெடுத்த கடிதங்களைப் பதிப்பித்தார்.

கவனித்துப் பாருங்கள். இந்தக் காகிதங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்கள் தங்கை, மகள், பேத்தி. மாநாட்டுத் தீர்மானங்களை அச்சடித்து வைக்க சங்கங்கள் இருந்தன. மாநாட்டுக்கு அக்கா போன நாளில் வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள், மண்டியை மூடியதால் எதை விட்டுக்கொடுத்தார்கள், போருக்குப் போன பையன் பிழைப்பானா என்று எத்தனை இரவு விழித்திருந்தார்கள் என்பதை எந்தச் சங்கமும் குறித்து வைக்கவில்லை. அந்தக் கணக்கை எழுதியவர்களும் அந்த வீட்டுப் பெண்கள்தான், பத்திரமாக வைத்திருந்தவர்களும் அவர்கள்தான். செனிகா ஃபால்ஸில் கையெழுத்துப் போட்ட 100 பேருக்குப் பின்னால் இப்படி எத்தனை வீடுகள் இருந்தனவோ. எல்லா வீட்டிலும் கடிதங்கள் மிஞ்சவில்லை.